ஸ்மார்ட் வாட்ச் காட்டும் விஓ2 மேக்ஸ் சரிதானா? 1.6 கிலோமீற்றர் நடந்து சோதிப்பது எப்படி

வாட்ச்சில் "விஓ2 மேக்ஸ் 34" அல்லது "இதய உடற்தகுதி 34" என்று வந்தால், அது உங்கள் இதயத்தை அளந்து சொன்ன எண் அல்ல. விஓ2 மேக்ஸ் என்பது உச்ச முயற்சியில் உடல் எடுக்கும் ஒட்சிசன்: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில், எத்தனை மில்லிலீற்றர் என்ற கணக்கு. அதை உண்மையில் அளக்க முகமூடி மாட்டி, ஓடுபொறியில் களைத்து விழும்வரை ஓடி, மூச்சுக்காற்றைப் பகுத்துப் பார்க்க வேண்டும். வாட்ச்சுக்குத் தெரிந்தது உங்கள் வேகமும் நாடித்துடிப்பும், நீங்கள் கொடுத்த வயது, எடை போன்ற விவரங்களும் மட்டுமே. "இந்த வேகத்துக்கு இத்தனை துடிப்பு, அப்படியானால் உச்சத் துடிப்பில் இவ்வளவு இருக்கும்" என்று அது ஊகிக்கிறது. ஊகத்துக்குக் கொடுத்த தரவு பிழைத்தால் விடையும் பிழைக்கும். ஆகவே முதலில் தரவைத் திருத்துவோம்; பிறகு வாட்ச் இல்லாத ஒரு கணக்கோடு ஒப்பிடுவோம்.

நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அற்றெனொலோல், பிசோப்ரொலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி செயற்கையாகக் குறைந்திருக்கும். வாட்ச்சின் எண்ணும் கீழே வரும் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தா.

படி 1: செயலியில் உள்ள விவரங்கள்

வயது, பால், உயரம், எடை நான்கையும் திறந்து பாருங்கள். வாங்கிய அன்று போட்ட எடை பலருக்கு அப்படியே கிடக்கும். உச்ச நாடித்துடிப்பைப் பெரும்பாலான வாட்ச்கள் 220 கழித்தல் வயது என்று தாமாகவே போட்டுக்கொள்ளும். 208 − (0.7 × வயது) என்ற சூத்திரம் இன்னொன்று. 40 வயதில் இரண்டும் ஒன்றே. 60 வயதில் ஒன்று 160 என்னும், மற்றது 166. எதைப் போட்டாலும் ஒரே வயதுக்காரருக்குள்ளேயே 10 துடிப்பு கூடுவதும் குறைவதும் வழமை. உங்கள் உண்மையான உச்சம் வாட்ச் நினைப்பதைவிட அதிகமாக இருந்தால், அது உங்களைக் குறைத்தே மதிப்பிடும்.

படி 2: கட்டும் விதம்

மணிக்கட்டு எலும்பின்மேல் அல்ல, அதிலிருந்து ஒரு விரலளவு முழங்கைப் பக்கமாக. கையை உதறினால் நகரக்கூடாது. அவிழ்த்தபின் வெகுநேரம் தழும்பு நிற்கும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. பின்புறத்துப் பச்சை ஒளி தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் துடிப்பு எண்ணப்படுகிறது. இடைவெளி இருந்தால் வெயில் உள்ளே புகும். பச்சை குத்திய இடத்தில் கட்டினால் மை ஒளியை விழுங்கிவிடும்.

படி 3: இடமும் நேரமும்

திருகோணமலையில் பிழை அதிகம் வருவது இங்கேதான். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் நடந்தால் கால் புதைகிறது, உழைப்புக் கூடுகிறது, வேகம் குறைகிறது. வாட்ச்சுக்கு மணல் தெரியாது. "மெதுவாகப் போகிறார், நாடி மட்டும் ஏறுகிறது, தகுதி குறைவு" என்று முடிவு கட்டிவிடும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியும் சோதனைக்கு ஆகாது. உட்துறைமுக வீதி போன்ற சமதரையான தார் வீதி நல்லது. 400 மீற்றர் தடம் உள்ள மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நேரம், காலை 6 மணிக்கு முன்பின். கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பகலில் நடந்தால், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்பவே இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதே வேகத்துக்கு நாடி பத்துக்கு மேலும் ஏறலாம். அது தகுதிக் குறைவு அல்ல, வெக்கை. தேநீர், கோப்பி, புகை எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

படி 4: நாடி உண்மையா என்று பார்த்தல்

பெருவிரலை விட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மறு மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். ஒரு துடிப்புத் தவறினால் 4 வித்தியாசம் வரும் என்பதால் 4, 5 பிசகுவது பெரிதல்ல.

ஓய்வில் வாட்ச் பெரும்பாலும் சரியாகவே காட்டும். குழப்பம் அசையும்போதுதான். சில வேளை அது இரத்தத் துடிப்பை விட்டுவிட்டுக் கைவீச்சின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் இது எளிதில் தெரியும்: தொடங்கிய அரை நிமிடத்திலேயே நாடி 165, அடிகளும் நிமிடத்துக்கு 165. வேக நடையில் அடிகள் 115 அளவில் இருக்கும். உண்மை நாடியும் அதே அளவில் இருக்கக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பது சிரமம். அதற்கு ஒரு வழி உண்டு. சட்டென்று நின்று திரையைப் பாருங்கள். உண்மை நாடி படிப்படியாக இறங்கும். கைவீச்சை எண்ணிய நாடி பொத்தென்று விழும் அல்லது திரையில் கோடு மட்டும் வரும். அப்படியானால் மறு கைக்கு மாற்றுங்கள். நாடி அளக்கும் நெஞ்சுப்பட்டி வைத்திருப்பவர்கள் அதன் பின்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. அது ஒளியை அல்ல, இதயத்தின் மின்னோட்டத்தைப் பிடிக்கிறது.

படி 5: நடைச் சோதனை

1987இல் வெளியான ரொக்போர்ட் நடைச் சோதனை இது. 30 முதல் 69 வயதினருக்காக ஆக்கப்பட்டது. தூரம் ஒரு மைல், அதாவது 1609 மீற்றர்: 400 மீற்றர் தடத்தில் நான்கு சுற்றும் 9 மீற்றரும். வீதியென்றால் கூகுள் மெப்பில் தூரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார்சைக்கிள் மீற்றரை நம்ப வேண்டாம். 100 மீற்றர் பிசகினால் விடை 3 அலகு மாறும்.

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்குங்கள். வாட்ச்சில் ஜிபிஎஸ் பிடித்தபின் தொடங்கி, ஓடாமல், முடிந்தளவு வேகமாக நடக்க வேண்டும். முடிந்த கணமே நாடியை எண்ணுங்கள். அரை நிமிடம் தாமதித்தாலே கணிசமாக இறங்கிவிடும்.

கணக்கு:
132.853 − (0.1695 × எடை கிலோவில்) − (0.3877 × வயது) − (3.2649 × நிமிடம்) − (0.1565 × நாடி). ஆண் என்றால் 6.315 கூட்டுங்கள்.

38 வயதுப் பெண், 60 கிலோ, 16 நிமிடம் 30 விநாடி, நாடி 138 என்று வைப்போம்: 132.853 − 10.17 − 14.733 − 53.871 − 21.597 = 32.5.

இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். 16 நிமிடம் 30 விநாடி என்பது 16.5, 16.30 அல்ல. இணையத்தில் 0.0769 என்று வரும் சூத்திரம் எடையை இறாத்தலில் கேட்கிறது. அதில் கிலோவைப் போட்டால் இந்தப் பெண்ணுக்கு ஐந்தரை அலகு சும்மா கூடிவிடும்.

படி 6: ஒப்பிடுதல்

இந்தக் கணக்கே 5 அலகு அளவில் முன்பின்னாக இருக்கக்கூடியது. ஆகவே வாட்ச் 30 காட்டி, நடை 33 காட்டினால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்றே கொள்ளுங்கள். 8, 10 என்று விலகினால் படி 1, 2, 4 மூன்றுக்கும் திரும்புங்கள். காரணம் பெரும்பாலும் எடை, உச்ச நாடி, தளர்ந்த பட்டி இம்மூன்றில் ஒன்றாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் விலகினால், வெளிநடையாக ஜிபிஎஸ்ஸுடன் பதிந்த நடைகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்குள் நடந்ததை வைத்துப் பல வாட்ச்கள் இந்த எண்ணைக் கணிப்பதே இல்லை.

ஒரு நாளுக்கு 1 ஏறுவதும் இறங்குவதும் பொருட்டல்ல. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே வீதியில், அதே நேரத்தில் நடந்து, எடை, நிமிடம், நாடி மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்தில் அன்றைய காற்றையும் குறியுங்கள்: ஓகஸ்ட் கச்சானில் வந்த எண்ணை ஜனவரி வாடையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டால், பயிற்சியே செய்யாதவருக்கும் தகுதி கூடியதாகத் தெரியும்.