சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூக்கு கறுத்துவிட்டதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். மூட்டுவலியோடு மல்லாடிக்கொண்டே ஒருநாள் காலையில் பல் தேய்க்கக் கண்ணாடி முன்னால் நின்றால், மூக்கின் மேல் கரியைத் தடவிவிட்ட மாதிரி ஒரு கருமை. சிலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பொட்டுப் பொட்டாக வரும். சிக்குன்குனியா என்ற பெயரே தான்சானியா, மொசாம்பிக் பக்கம் பேசப்படும் மகோண்டே மொழியில் உடல் வளைந்து போவதைக் குறிப்பதுதான், அதனால் எல்லாருக்கும் மூட்டு மட்டும்தான் ஞாபகம் வருகிறது, தோல் கறுக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்த்ததும் பதறிப்போய்க் கையில் கிடைத்ததைப் பூசுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, தேய்ப்பது. நானே செய்திருக்கிறேன். ஒரு வாரம் ஸ்க்ரப் போட்டு மூக்கைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கருமை அப்படியே இருந்தது, மூக்கின் இரண்டு பக்கமும் தோல் உரிந்ததுதான் மிச்சம், அப்புறம் அந்த உரிந்த இடமும் ஆறும்போது கறுத்தது! அது அழுக்கு இல்லை, தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி உள்ளேயே கூடுதலாகத் தங்கிவிட்டது. எரிச்சல் பட்டால் தோல் இன்னும் நிறமியைத்தான் உண்டாக்கும். எலுமிச்சைச் சாறு இதைவிட மோசம், பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து புதிதாக ஒரு கறை விழும். டூத்பேஸ்ட், பிளீச் எல்லாம் இதே கதைதான்.

பெரிய தவறு கிரீம் விஷயத்தில் நடக்கிறது. யாரோ ஒருவர் "இதைப் போடு, ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடும்" என்று ஒரு டியூபைக் கொடுப்பார், உண்மையிலேயே ஆகும், அதுதான் சிக்கல். டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கணக்குப் பார்த்து, சில நாளுக்கு எழுதிக் கொடுப்பது வேறு. நாமாக மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பாகப் பொடி ரத்தக்குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எரிகிறதே என்று மறுபடி அதையே எடுப்பார்கள். கருமையைக் குறைக்கப் பூசும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தையும் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட காலம் போட்டால் சிலருக்கு நீலம் கலந்த கருமை வந்துவிடும், அதைச் சரிசெய்வது பழைய கறையைவிடக் கஷ்டம். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத வெள்ளையாக்கும் கிரீமைத் தொடவே வேண்டாம், சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகம் வரை போகும்.

இத்தனையும் செய்கிறவர்கள் சன்ஸ்கிரீன் மட்டும் போட மாட்டார்கள். "நான் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறேன்" என்பார்கள். ஜன்னல் கண்ணாடி எல்லா புற ஊதாக் கதிரையும் தடுக்காது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை எடுத்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மூக்கைக் கூடுதலாகக் கவனியுங்கள். கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி, மாஸ்க் என்று எல்லாம் உரசுவதால் அங்கேதான் முதலில் அழிந்துபோகும்.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் காய்ச்சல் கணக்கிலேயே எழுதிவிடுவதும் தவறு. வட்டமாக, அரிப்போடோ எரிச்சலோடோ ஒரு கரும்படை வந்து, அதே மாத்திரையை மறுபடி சாப்பிட்டதும் அதே இடத்தில் திரும்ப வந்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். ஈறு, உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்து, எடை குறைந்து, தலைசுற்றலும் இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. காய்ச்சல் சமயத்தில் அழுத்தினாலும் மறையாத பொடிச் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், கடுமையான வயிற்றுவலி என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கருமை தொற்றுமா என்று கேட்பவர்களுக்கு: தொற்றாது.

சரி, எப்போது போகும்? பலருக்குச் சில மாதங்களில் தானாக மங்கிவிடும், சிலருக்கு இன்னும் இழுக்கும். தினமும் கண்ணாடியைப் பார்த்தால் ஒன்றும் மாறாத மாதிரிதான் தோன்றும். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் பக்கம், அதே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கவே இல்லை, அல்லது பரவுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், ட்ரெட்டினாயின் போன்ற பூச்சு மருந்துகளை அப்போது தவிர்ப்பார்கள். போகும்போது இதுவரை பூசின டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், திட்டுவார்களே என்று ஒளித்து வைத்ததையும் சேர்த்து.