ராமதாஸ் காந்தி பத்தி தப்பில்லாம ஒரு பக்கம் எழுதுறது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப்

காந்திக்கு நாலு பசங்க. ஹரிலால் அப்பாகிட்ட சண்டை போட்டுப் பிரிஞ்சவர்னு எல்லாருக்கும் தெரியும். மணிலால் தென்னாப்பிரிக்காவுலயே தங்கி இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகைய நடத்தினவர், தேவதாஸ் நம்ம ராஜாஜியோட மாப்பிள்ளை. மூணாவது பையன் ராமதாஸ் பத்தி தேடினா மட்டும் ஒரு பேரும் ரெண்டு வருஷமும்தான் கையில வரும், அதுலயும் நெட்ல இருக்கற பிறந்த தேதி மத்த தகவலோட வெச்சுப் பார்த்தா இடிக்குது. சமீபத்துல அவரப் பத்தி ஒரு பக்க குறிப்பு எழுதி முடிச்சேன். அதுக்காக என்னென்ன செஞ்சேன்னு வரிசையா சொல்றேன், பெரிய தலைவரோட அதிகம் தெரியாத பிள்ளை யாரப் பத்தி எழுதினாலும் இதே வழி செட் ஆகும். விக்கிபீடியா பார்க்குறது, ஆர்க்கைவ்ல பிடிஎஃப் எடுக்குறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

ஸ்டெப் 1: முதல்ல ஆளைப் பிரிங்க

தமிழ்ல "ராமதாஸ்"னு மட்டும் அடிச்சா நம்ம ஊர் அரசியல்தான் பக்கம் பக்கமா வரும். "காந்தி" சேர்த்தாலும் கஞ்சன்காடு சுவாமி ராமதாஸ், சிவாஜி காலத்து சமர்த்த ராமதாஸர்னு கலந்து வரும். காந்தியோட எழுத்துத் தொகுப்பு உள்ள தேடினா மெட்ராஸ்காரரான வி. ராமதாஸ் பந்துலு வேற குறுக்க வருவார், அவர் கூட்டுறவு இயக்கத்துக்காரர்.

அதனால ஆளோட பேர வெச்சுத் தேடாதீங்க, பக்கத்துல இருந்தவங்க பேர வெச்சுத் தேடுங்க. ராமதாஸோட மனைவி நிர்மலா, காந்தி கடிதத்துல "நிமு"ன்னுதான் கூப்பிடுவார். "நிமு"ன்னு ஆங்கில எழுத்துல போட்டுத் தேடிப் பாருங்க, வர்றதுல முக்கால்வாசி இந்தக் குடும்பம்தான். மகள் சுமித்ரா பேரையும் போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 2: ஒரு ஷீட் போடுங்க

நோட்ஸ் ஆப் வேண்டாம், கூகுள் ஷீட்தான் என் சாய்ஸ், ஏன்னா தேதி வாரியா வரிசைப்படுத்தும்போதுதான் முரண்பாடு கண்ணுக்குத் தெரியும். காலம் (column) அஞ்சு போதும்: என்ன நடந்துச்சு, எந்தத் தேதி, யார் சொன்னாங்க, எந்த வருஷம் சொன்னாங்க, சொன்னவர் அங்க இருந்தாரா. நாலாவது காலத்த காலியா விடவே விடாதீங்க, அடுத்த ஸ்டெப்ல எல்லாமே அத வெச்சுத்தான் முடிவாகும்.

ஸ்டெப் 3: பிறந்த தேதி

நான் ரொம்ப நேரம் நின்ன இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

நெட்ல எங்க பார்த்தாலும் ராமதாஸ் பிறந்தது 2 ஜனவரி 1897, டர்பன்னு இருக்கும். ஒரு சைட்ல இருந்து இன்னொரு சைட்டுக்குப் போனா அதே தேதி, எத்தனை சைட்ல இருந்தாலும் அது ஒரே சாட்சிதான், ஒண்ணப் பார்த்து இன்னொண்ணு எழுதினது. இப்ப இந்தத் தேதிய குடும்பம் அன்னிக்கு எங்க இருந்துச்சுங்கற கேள்வியோட வெச்சுப் பாருங்க.

காந்தி குடும்பத்தோட பம்பாய்ல கப்பல் ஏறினது 1896 நவம்பர் 30. கப்பல் பேரு கூர்லாந்து, வியாபாரி தாதா அப்துல்லாவோடது. கூட வந்தவங்க கஸ்தூர்பா, ரெண்டு பசங்க (ஹரிலாலும் மணிலாலும்), அப்புறம் காந்தியோட அக்கா பையன் ஒருத்தன். கூர்லாந்தும் நாதேரிங்கற இன்னொரு கப்பலும் டிசம்பர் 18 வாக்குல டர்பன் வந்துருச்சு, ஆனா யாரையும் இறக்க விடல. பம்பாய்ல பிளேக்னு சொல்லி குவாரன்டைன்ல போட்டாங்க, கரையில வெள்ளைக்காரங்க கூட்டம் போட்டு இவங்கள திருப்பி அனுப்புன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. கடைசியில இறங்க விட்டது 1897 ஜனவரி 13. அதாவது ஜனவரி 2ஆம் தேதி இந்தக் குடும்பம் நங்கூரம் போட்ட கப்பல்ல கடல்மேல இருக்கு!

அப்போ கப்பல்லயே பிறந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. சத்திய சோதனை மூணாம் பாகத்த எடுத்து வெச்சு வரி வரியா படிச்சேன். கப்பல்ல கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது கூட எழுதியிருக்கார், பிரசவம் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இறங்கற அன்னிக்கு கஸ்தூர்பாவையும் பசங்களையும் முதல்ல வண்டியில நண்பர் ருஸ்தம்ஜி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அங்கயும் பத்து நாள் கைக்குழந்தை ஒண்ணு இருந்ததா பேச்சே இல்ல. அதே பாகத்துல பின்னாடி, தென்னாப்பிரிக்காவுல எனக்கு ரெண்டு பிள்ளைங்க பிறந்தாங்கன்னு அவரே சொல்றார். அது ராமதாஸும் தேவதாஸும்தான். தேவதாஸ் பிறந்தப்போ டாக்டரும் வரல, மருத்துவச்சியும் வரல, காந்தியே பிரசவம் பார்த்தார். இவ்வளவு சொல்ற மனுஷன் கலவரத்துக்கு நடுவுல கப்பல்ல பிள்ளை பிறந்திருந்தா அத விட்டிருப்பாரா?

இங்கதான் நாலாவது காலம் வேலை செய்யும். சத்திய சோதனைய அவர் எழுத ஆரம்பிச்சது 1925ல, கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு. ஞாபகம் பிசகியிருக்கலாமேன்னு யாராவது கேட்டா நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் 1897லயே இருக்கு. அந்த வருஷம் மார்ச் மாசம் பிரிட்டிஷ் அமைச்சர் சேம்பர்லேனுக்கு நேட்டால் (டர்பன் இருக்கற பகுதி) இந்தியர்கள் சார்பா ஒரு நீளமான மனு போச்சு, காந்தி தயாரிச்சது, அவரோட எழுத்துத் தொகுப்புல 2ஆம் வால்யூம்ல இருக்கு. கப்பல் கிளம்பினது, வந்தது, குவாரன்டைன், இறங்கினது எல்லாம் தேதியோட அதுல இருக்கு. சம்பவம் நடந்து ரெண்டு மாசத்துல எழுதினது. 1897 மனு, 1925ல எழுதின நினைவு, இன்னிக்கு நெட்ல இருக்கற வரி, இந்த மூணும் மோதினா முதல்ல எத நம்பணும்னு சொல்லவே வேண்டாம்.

அதனால என் குறிப்புல "1897, தென்னாப்பிரிக்கா"ன்னு மட்டும் போட்டேன், நாள் போடல. கட்டம் காலியா இருக்கேன்னு ஒரு நாள நிரப்பாதீங்க ப்ளீஸ், நீங்க போடற தேதியத்தான் நாளைக்கு இன்னொருத்தர் காப்பி பண்ணுவார். வருஷம் வரைக்கும் ஆதாரம் இருந்தா வருஷம் வரைக்கும் எழுதுங்க.

(ஜனவரி 13 பத்தி படிக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கூட்டம் ருஸ்தம்ஜி வீட்ட சூழ்ந்தப்போ காந்தி இந்தியப் போலீஸ்காரர் வேஷத்துலதான் தப்பிச்சார், தலையில ஒரு தட்ட வெச்சு அதுமேல மெட்ராஸ் துணியச் சுத்திக்கிட்டு! டாபிக்குக்கு சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம போக மனசு வரல.)

ஸ்டெப் 4: குஜராத்தி தேதி

காந்தி குடும்பக் கடிதங்கள் நிறைய குஜராத்தி திதியிலதான் இருக்கும், "பாதர்வா வத் 12" (பாதர்வா மாசம், தேய்பிறை 12ஆம் திதி) இந்த மாதிரி. இத இங்கிலீஷ் தேதிக்கு மாத்தும்போது ரெண்டு இடத்துல கவனமா இருக்கணும்.

ஒண்ணு, வருஷம். குஜராத்துல விக்ரம் சம்வத் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும், வடக்க சித்திரையில பிறக்கும். குஜராத்தி கணக்குல தீபாவளிக்கு அப்புறம் டிசம்பர் முடியற வரைக்கும் 57 கழிக்கணும், ஜனவரியில இருந்து அடுத்த தீபாவளி வரைக்கும் 56 கழிக்கணும். காந்தி பிறந்தது சம்வத் 1925, மாசம் அக்டோபர், தீபாவளிக்கு முன்னாடி, 56 கழிச்சா 1869. சரியா வருது. 57 கழிச்சிருந்தா ஒரு வருஷம் போயிருக்கும்.

ரெண்டு, மாசம். தேய்பிறையில குஜராத்தி மாசப் பேரும் வடக்கத்தி மாசப் பேரும் வேற வேற. குஜராத்துல பாதர்வா தேய்பிறைன்னா வடக்க அது ஆஸ்வின் தேய்பிறை. ஆன்லைன் கன்வர்ட்டர் எடுத்தா அது எந்த முறைன்னு செட்டிங்ஸ்ல பார்த்துட்டு போடுங்க, அந்த ஆப்ஷனே இல்லாத கன்வர்ட்டர மூடிடுங்க. முதல்ல காந்தியோட பிறந்த திதிய போட்டுப் பார்த்து 2 அக்டோபர் 1869 வருதான்னு டெஸ்ட் பண்ணிடுங்க.

நமக்கும் இது புதுசு இல்ல, பழைய ஜாதகத்துல "துர்முகி"ன்னு மட்டும் இருந்தா அது 1896-97ஆ 1956-57ஆன்னு யோசிக்கிறோம்ல.

ஸ்டெப் 5: தொகுப்ப எப்படி சைட் (cite) பண்றது, அதாவது ஆதாரமா குறிப்பிடறது

காந்தியோட முழுத் தொகுப்பு அச்சுல 100 வால்யூம். 90 வரைக்கும் தேதி வரிசை, 91ல இருந்து 97 வரைக்கும் பிற்பாடு கிடைச்சது, மீதி அட்டவணையும் முன்னுரைகளும். எலக்ட்ரானிக் பதிப்பு ஒண்ணு சுத்துது, அது 98 வால்யூம், வரிசையே வேற. அதுல பார்த்துட்டு வால்யூம் நம்பரும் பக்கமும் போட்டீங்கன்னா அச்சுப் பதிப்பு வெச்சிருக்கறவர் அந்தப் பக்கத்த திறந்தா சம்பந்தமே இல்லாத கடிதம் இருக்கும். இப்படி வரிசை மாத்தித் திருத்தின பதிப்புல நிறைய பதிவுகள் விட்டுப்போச்சுன்னு ஆய்வாளர்கள் சண்டை போட்டு அரசாங்கம் அத வாபஸே வாங்கிச்சு.

என் பழக்கம்: சபர்மதி ஆசிரமத்தோட காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டல்ல இருக்கற பழைய பதிப்பு ஸ்கேன் மட்டும்தான். தேடறதுக்கு டைப் பண்ணின டெக்ஸ்ட் சரி, எழுதறதுக்கு முன்னாடி ஸ்கேன கண்ணால பார்த்துடணும். சைட் பண்ணும்போது "நிர்மலாவுக்கு எழுதிய கடிதம், இந்தத் தேதி"ன்னு ஆளும் தேதியும் முதல்ல, வால்யூம் நம்பர் அப்புறம். எந்தப் பதிப்பு வெச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்.

ஸ்டெப் 6: அண்ணன் தம்பி கணக்க கலக்காதீங்க

"காந்தியின் மகன் சிறை சென்றார்"னு ஒரு வரி கிடைச்சா எந்த மகன்னு கேளுங்க. மூணு இடத்துல இது அடிக்கடி குழம்பும்.

1913 செப்டம்பர்: காந்தியோட பீனிக்ஸ் பண்ணையில இருந்து கிளம்பி டிரான்ஸ்வால் எல்லைய பர்மிட் இல்லாம தாண்டின முதல் குழு, மொத்தம் 16 பேர். கஸ்தூர்பாவோட ராமதாஸும் இருக்கார், 16 வயசு வாக்குல. மூணு மாசம் கடுங்காவல். 16 பேர் பட்டியல காந்தியே தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பத்தின புத்தகத்துல கொடுத்திருக்கார், தமிழ் வாசகர்கள் அத ஒரு தடவை பாருங்க, குப்புசாமி மூன்லைட் முதலியார், கோவிந்தராஜுலு, சாலமன் ராயப்பன்னு நம்ம பேருங்க வரும். தில்லையாடி வள்ளியம்மை இந்தக் குழுவுல இல்ல, அவங்க கைதானது அதுக்கப்புறம்.

1930: தண்டி யாத்திரையில காந்தியோட நடந்த பட்டியல்ல இருக்கற மகன் மணிலால். ராமதாஸ் அந்தப் பட்டியல்ல இல்ல, ஆனா உப்பு சத்தியாகிரகம் ஆரம்பிச்ச ஏப்ரல்ல அவரும் கைதானார். ரெண்டும் உண்மை, ரெண்டும் வேற வேற விஷயம்.

1948 ஜனவரி 31: ராஜ்காட்ல சிதைக்குத் தீ வெச்சது ராமதாஸ். டெல்லியிலயே இருந்த தேவதாஸ்னு சிலர் எழுதறாங்க, இல்ல, நாக்பூர்ல இருந்து வந்து சேர்ந்த ராமதாஸ்தான். மணிலால் தென்னாப்பிரிக்காவுல இருந்தார். இந்த ஒரு தகவலாவது சரியா போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஏன்னா உலகமே பார்த்துக்கிட்டிருந்த அந்த நாள்ல கூட இவர் பேர் பலருக்கு ஞாபகம் இல்ல.

ஸ்டெப் 7: 1949 கடிதம்

அப்பாவக் கொன்ன கோட்ஸேவுக்கு ராமதாஸ் 1949ல கடிதம் எழுதினார். தூக்குல போடாதீங்கன்னு கேட்டதுல மணிலாலும் ராமதாஸும் இருக்காங்க. கவர்னர் ஜெனரல் அப்போ ராஜாஜி, ராமதாஸோட தம்பிக்கு மாமனார். தண்டனை மாறல, 1949 நவம்பர் 15ல அம்பாலா சிறையில நிறைவேத்தினாங்க. இத எழுதும்போது உங்க விளக்கத்த சேர்க்காதீங்க. "மன்னிச்சார்"னு எழுதறது ஈஸி, ஆனா கருணை கேட்டார்ங்கறதுக்குத்தான் ஆதாரம் இருக்கு, மனசுக்குள்ள மன்னிச்சாராங்கறது அவர் சொன்னாத்தான் தெரியும். கடித வாசகம் எந்தப் புத்தகத்துல இருந்து கிடைச்சுதோ அது கோட்ஸே தரப்புல வந்ததான்னும் பார்த்துக் குறிச்சு வைங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர், காந்தியோட கைத்தடிய ஒரு சின்னப் பையன் முன்னாடி பிடிச்சு இழுத்துட்டுப் போற போட்டோ ராமதாஸ் பையன் கனுதானே, அதுவும் தண்டியில எடுத்ததுதானேன்னு கேட்டிருந்தார். பையன் கனுதான், இடம்தான் தப்பு. ராமதாஸ் நிர்மலா கல்யாணம் 1928 ஜனவரி. தண்டி யாத்திரை 1930 மார்ச். அப்போ அவங்களுக்கு எந்தக் குழந்தை இருந்தாலும் ஒன்றரை வயச தாண்டியிருக்காது, போட்டோவுல இருக்கறது கடற்கரை மணல்ல ஓடற பையன். அது பம்பாய் ஜுஹு பீச், பல வருஷம் கழிச்சு எடுத்தது.

இன்னொருத்தர் அதே கனுதான் காந்திய நிறைய போட்டோ எடுத்தவர்னு சொல்லியிருந்தார். அவர் வேற கனு காந்தி. போட்டோகிராபர் கனு, நாரண்தாஸ் காந்தியோட பையன், ஆபாவோட கணவர், 1986ல இறந்துட்டார். ராமதாஸ் பையன் கனு அமெரிக்காவுல நாசாவுல வேலை பார்த்துட்டு கடைசிக் காலத்துல இந்தியா திரும்பி 2016ல சூரத்ல இறந்தார். ஷீட்ல பேருக்குப் பக்கத்துல "அப்பா பேர்"னு ஆறாவது காலம் ஒண்ணு சேர்த்துக்கோங்க, நானும் சேர்த்துட்டேன்.