கட்டைவிரல் நகச்சொத்தை: ஒரு தைப்பூசத்திலிருந்து மறு தைப்பூசம் வரை

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறி இறங்கி வீடு வந்தேன். பினாங்கில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும்: ரதம் போகும் வழியெல்லாம் சிதறு தேங்காய், தேங்காய்த் தண்ணீரில் ஊறிய சாலை, காலடியில் ஓட்டுச் சில்லு. வாசல் குழாயில் காலைக் கழுவும்போதுதான் வலது கட்டைவிரல் நகத்தை உற்றுப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழுப்பு மஞ்சள். நுனி தடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் லேசாகச் சுரண்டினால் ரவை போல வெள்ளைத் துகள் உதிர்ந்தது.

தேங்காய்ச் சில்லு பட்டுதான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பொய். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர வேலை. பாதுகாப்புச் சப்பாத்துக்குள் வெந்துகிடக்கும் கால். விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும் போவதுமாகப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சேற்றுப்புண்ணுக்கும் நகச்சொத்தைக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே பூஞ்சைதான். டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்று பெயர். தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதமே அதற்குச் சாப்பாடு.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட நகம் ஆறாது. கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரற்ற பொருள். அதில் புண் ஆறுவது போல எதுவும் நடக்காது. மருந்து பூஞ்சையை அடக்கிவைக்கிறது, வேரிலிருந்து புதிய நகம் பழையதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான் வளரும், வயதானால் அதைவிடக் குறைவு. கட்டைவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். ‘ஏழே நாளில்’ என்று எழுதிய குப்பியைப் பார்த்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: பூஞ்சைதானா என்று பாருங்கள்

உருக்குலைந்த கால் நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். இறுக்கமான சப்பாத்து இடித்து இடித்தும் நகம் தடிக்கும். சொரியாசிஸ் நகத்தில் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள் விழும். பந்து விளையாடி அடிபட்டால் அடியில் இரத்தம் கட்டிக் கருக்கும். அது நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். நகராமல் நின்று நாளுக்கு நாள் அகலமாகும் கருங்கோடு தெரிந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். தோல் புற்றுநோயில் ஒரு வகை அப்படித்தான் தலைகாட்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் வீடுகளில் அது எத்தனை பேருக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை. உணர்ச்சி மரத்த காலில் தடித்த நகம் பக்கத்துச் சதையைக் குத்திப் புண்ணாக்கினாலும் வலி தெரியாது. அவர்கள் நகவெட்டியைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இரண்டாம் படி: நகத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப்போகிறார்கள். மாத்திரை விழுங்கும் எண்ணம் இருந்தால் தாண்டவே கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கேயே கேட்டுத் தொடங்கலாம். நகத் துண்டையும், முக்கியமாக அடியில் இருக்கும் அந்த ரவைத் துகளையும் எடுப்பார்கள். பூஞ்சை உயிரோடு இருப்பது நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில்தான். நுனியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் செத்த துகளே கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்க நான்கு வாரம் வரை ஆகலாம்.

எனக்கு முதல் முறை ‘பூஞ்சை இல்லை’ என்றே வந்தது. குற்றம் என்னுடையது. அதற்கு முன் இரண்டு வாரம் பார்மசியில் வாங்கிய பூஞ்சைக் களிம்பைத் தடவிவிட்டு, அதைச் சொல்லாமல் போய் உட்கார்ந்திருந்தேன். களிம்பை நிறுத்திச் சில வாரம் பொறுத்து மறுபடி கொடுத்தபோது பிடிபட்டது.

மூன்றாம் படி: சேற்றுப்புண்ணை முதலில் ஒழியுங்கள்

விரலிடுக்கு வெள்ளையாக ஊறி உரிகிறதா, உள்ளங்கால் மாவு பூசியது போலச் செதில் விடுகிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு நகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த கதைதான். குளோட்ரிமசோல் களிம்பானால் தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் தடவவேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். அரிப்பு அன்றே நிற்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே பாருங்கள்.

நான்காம் படி: வெட்டி, அராவி, பூசுங்கள்

குளித்து முடித்ததும் நகம் மிருதுவாக இருக்கும், அதுதான் சமயம். தடித்த நகத்தை ஒரே கடியில் வெட்டப் பார்க்காதீர்கள், பிளந்துகொண்டு சதைக்குள் போகும். ஓரத்திலிருந்து அரிசி அளவு அரிசி அளவாகக் கொத்தி எடுங்கள். சதையை ஒட்டிப் பிடித்திருக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். அடியில் ஊசி விட்டுத் தோண்டவும் வேண்டாம். பிறகு மணல்தாள் ஒட்டிய நக அரத்தால் மேல்பக்கத்தை ஒரே திசையில் இழையுங்கள். பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் தூளாகக் கொட்டும். பளபளப்புப் போய், நகம் மெலிந்து மங்கலானால் போதும்.

ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அமரோல்ஃபின் 5 விழுக்காட்டு நகப்பூச்சை மெல்லிய ஒரு படலமாகப் பூசுங்கள். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ பூசினால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் காயும் நேரத்தில் செய்வேன். அப்படி ஒரு வேலையோடு கோத்துக்கொண்டால் மறக்காது. அந்த அரத்தால் நல்ல நகத்தைத் தொடாதீர்கள், நகவெட்டியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்

நுனி மட்டும் கெட்டிருந்தால் பூச்சே போதலாம். பாதிக்கு மேல் போய்விட்டாலோ, பல நகங்களில் இருந்தாலோ, வேரை நெருங்கிவிட்டாலோ பூச்சு மட்டும் பெரும்பாலும் தோற்கும். டெர்பினஃபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, 12 வாரம் என்பதுதான் வழக்கமான அளவு. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகே தருவார்கள். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். இட்ராகொனசோல் என்ற இன்னொரு மாத்திரை இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கொலஸ்டிராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் அதோடு இட்ராகொனசோலைச் சேர்த்து விழுங்கவே கூடாது. தோழர் கொடுத்த மிச்ச மாத்திரை, இணையத்தில் வாங்கிய பெயர் தெரியாத மாத்திரை எதுவும் வேண்டாம். பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். டெர்பினஃபினை 12 வாரம் முடித்தவர்களில் பத்தில் ஏழு பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது, ஆனால் நகமும் முழுதாகத் தெளிந்தது பத்தில் நான்கு பேருக்குத்தான் என்று மருந்து ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாம் வாரம் நகம் இன்னும் அசிங்கமாகவே இருக்கும். மருந்து தோற்றுவிட்டது என்று அப்போது முடிவுகட்டாதீர்கள்.

ஆறாம் படி: ஒரு கோடு போட்டு வையுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. நல்ல நகம் முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில், அரத்தின் ஓரத்தால் குறுக்கே மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். ஆழம் வேண்டாம், விரல்நுனியில் தட்டுப்பட்டால் போதும். கைப்பேசியில் படம் எடுத்துத் தேதி குறியுங்கள். நகம் வளர வளரக் கோடும் முன்னே போகும். மஞ்சள் நிறம் கோட்டுக்கு முன்னாலேயே, நுனிப்பக்கம் நின்றால் மருந்து வேலை செய்கிறது. கோட்டைத் தாண்டி வேர்ப்பக்கம் வந்தால் மருத்துவரிடம் திரும்பப் போகவேண்டும். அரம் பட்டுக் கோடு அழிந்தால் அதே இடத்தில் மறுபடி கீறிக்கொள்ளுங்கள். என் கோடு நுனியிலிருந்து 15 மில்லிமீட்டரில் தொடங்கியது. மாதம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நகர்ந்தது.

சப்பாத்து, காலுறை

இரண்டு ஜோடி சப்பாத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு நாளாவது காயட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரிக்குள் எதுவும் காயாது. மின்விசிறிக்கு முன் வையுங்கள். காலுறையை 60 பாகை வெந்நீரில் துவைக்கவேண்டும். பள்ளிவாசல், கோயில், நீச்சல்குளம் ஆகியவற்றின் குளியலறைகளில் சொந்தச் செருப்பைப் போடுங்கள்.

மருதாணி பற்றி

நகச்சொத்தைக்கு மருதாணி அரைத்துக் கட்டு என்று என் அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மருதாணி நகத்தைச் சிவப்பாக்கிவிடும்; அப்புறம் மஞ்சள் எங்கே நிற்கிறது, கோடு எங்கே என்று யாருக்குத் தெரியும்? அத்தையிடம் இதைச் சொன்னேன். ‘அப்படியானால் இடது காலுக்கு மட்டும் வைத்துக்கொள்’ என்றார். வினிகர், பூண்டு, தைலம் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காலில் புண் இல்லாதவரை பெரிய கேடில்லை, ஆனால் அவற்றை நம்பி மாதங்களை விட்டுவிடாதீர்கள். துணி வெளுக்கும் பிளீச்சை மட்டும் காலில் ஊற்றவே வேண்டாம், தோல் வெந்துபோகும்.

மறு தைப்பூசத்துக்குப் போனபோது நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்தது. சித்திரை பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதையும் வெட்டிச் செய்தித்தாளில் மடித்துப் போட்டேன். விரலிடுக்குக்குக் களிம்பு மட்டும் இப்போதும் வாரம் ஒருமுறை தொடர்கிறது.