தேனீ மாதிரி இருக்கும் ஹோவர் ஈ: படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பூவில் உட்கார்ந்த பூச்சியின் படத்தில் மஞ்சள், கறுப்புப் பட்டைகள் தெரிந்தவுடன் தேனீ என்று எழுதிவிடாதீர்கள். அது அந்தரத்தில் நின்று பறக்கும் ஹோவர் ஈயாகவும் இருக்கலாம். ஹோவர் ஈக்குக் கொடுக்கு கிடையாது. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். அதனால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் தலை. படத்தைப் பெரிதாக்கி உணர்கொம்பைத் தேடுங்கள். தேனீயுடையது நீளமாக, முழங்கைபோல் மடங்கியிருக்கும். ஹோவர் ஈயுடையது பெரும்பாலும் குட்டைக் கட்டை, அதன்மேல் ஒரு மெல்லிய மயிர். மங்கலான படத்தில்கூட இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஈயின் கண்களும் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். பல இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியே இருக்கும்.

ஈக்கு இரண்டு இறக்கை, தேனீக்கு நான்கு என்பது சரிதான். ஆனால் படத்தில் இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தேனீயின் பின்னிறக்கை முன்னிறக்கையோடு கொக்கிகளால் மாட்டிக்கொள்வதால் ஒரே ஜோடியாகத்தான் தெரியும். பின்னங்காலில் மகரந்த உருண்டை இருந்தால் தேனீ. இல்லாவிட்டால் எதுவும் உறுதியில்லை, ஆண் தேனீக்கள் மகரந்தம் சுமப்பதில்லை.

ஈ என்று தெரிந்தபின் இறக்கை நரம்புகளுக்கு வாருங்கள். ஹோவர் ஈயின் இறக்கை நடுவில், எந்த நரம்போடும் சேராத ஒரு போலி நரம்பு ஓடும். வெளிப்புற நரம்புகள் விளிம்பை எட்டாமல் திரும்பி, அதற்கு இணையாகப் போகும். நீண்ட உறிஞ்சுகுழலை முன்னால் நீட்டிக்கொண்டு, உடல் முழுக்கப் பஞ்சு ரோமத்தோடு இருந்தால், அது பாம்பிலிட் என்னும் வேறு குடும்பத்து ஈயாக இருக்கலாம்.

தேனீயோடு அதிகம் குழப்புவது எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்னும் ஹோவர் ஈ இனம். அதன் இறக்கையில் ஒரு நரம்பு நடுவில் கீழ்நோக்கி ஆழமாக வளையும். கண்மேல் செங்குத்தாகக் கருமயிர்ப் பட்டைகள் இருக்கும். பின்னங்காலின் கீழ்ப்பகுதி தடித்திருக்கும். கண்ணிலேயே புள்ளியோ கோடோ இருந்தால் எரிஸ்டாலினஸ் பேரினத்தை (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுப்பு) சந்தேகியுங்கள். ஒல்லியான ஆரஞ்சு வயிற்றில், 3ஆம், 4ஆம் கண்டங்கள் (வளையப் பகுதிகள்) ஒவ்வொன்றிலும் அகலமாக ஒன்றும் மெல்லியதாக ஒன்றுமாகக் கறுப்புப் பட்டைகள் இருந்தால் எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ் என்னும் ஹோவர் ஈ இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவையெல்லாம் ஒரே படத்தில் கிடைக்காது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 போதும். அந்தரத்தில் நிற்கும்போது 1/1000க்கு மேல் வையுங்கள், அப்போதும் இறக்கை கலங்கலாம். குளிர்ந்த காலையில் அவை மந்தமாக இருக்கும், நெருங்குவது எளிது. உங்கள் நிழல் பூவில் விழுந்தால் பறந்துவிடும். அடையாளம் கேட்டு அனுப்பும்போது மூலப் படத்தையே அனுப்புங்கள். செயலிகள் அமுக்கிய படத்தில் முதலில் காணாமல்போவது நரம்புகள்தான்.

நரம்பும் கண்ணும் தெளிவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை. கூட்டுப்புழுப் பருவத்தில் குளிர் அதிகமிருந்தால் எரிஸ்டாலிஸின் வயிறு கறுத்தும், வெப்பமிருந்தால் மஞ்சள் கூடியும் வரும். வயிற்று நிறத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொன்னால் தவறாகப் போவது இதனால்தான்.