சைலன்சருக்கு எந்த காலிபர்? வாங்கிய பிறகு புரியும் தவறுகள்

நான் வாங்கிய முதல் துப்பாக்கி சைலன்சர் .45 காலிபர், அதாவது சுமார் 0.45 அங்குலத் தடிமன் குண்டுக்கானது. கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில் மயங்கி வாங்கியது. "பெரிய ஓட்டையாக வாங்கிவிட்டால் சின்னக் குண்டெல்லாம் அதிலேயே போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனியாக எதற்குச் செலவு?" என்றார். கணக்கு சரிதானே என்று எனக்கும் தோன்றியது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் தோளில் நிற்காது. என்னிடம் அப்போது இருந்தது ஒரு .22 ரைபிளும் ஒரு 9 மில்லிமீட்டர் பிஸ்டலும். .45 துப்பாக்கியே கிடையாது என்பது பணம் கட்டி, படிவம் நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் சைலன்சர் என்றால் பைக்கின் புகைக்குழாய். இரண்டும் உறவுக்காரர்கள்தான். 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மேக்சிம், அதே யோசனையை வைத்து இன்ஜின்களுக்கும் மஃப்ளர் செய்தவர். மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தது அவருடைய அப்பா. வெளியே பாயும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து நிறுத்தி, விரியவிட்டு, ஆறவைத்து அனுப்புவதுதான் இரண்டிலும் நடக்கும் வேலை. அமெரிக்கச் சுடுதளங்களில் இதைச் சுருக்கமாக 'கேன்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

காலிபருக்குப் போகுமுன் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது சிறை வரை கொண்டுபோகக்கூடியது. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 42-ல் மட்டுமே தனியார் இதை வைத்திருக்கலாம். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டில் கூடாது. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் இடங்களே இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி உள்ள மாநிலத்தில் வாங்கி, வார இறுதியில் நியூ ஜெர்சி நண்பர் வீட்டுக்குக் காரில் எடுத்துப்போவதும் குற்றம். இன்னொன்று, கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் இந்த வெறும் குழாயே ஒரு துப்பாக்கி. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், அதை நம்பி நீங்களே முடிவெடுக்காமல் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் நிலைமை வேறு.

வரி போய்விட்டது, யோசனை போகவில்லை

என் கடைக்காரர் சொன்னதில் ஒரு காலத்து நியாயம் இருந்தது. 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொரு கேனுக்கும் 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்து 200 டாலர், இன்றைய மதிப்பில் நான்காயிரத்துக்கும் மேல். பல தலைமுறைகளாக அந்தத் தொகை மாறவே இல்லை. வரியோடு காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று காகிதம் நகரும். அப்படி இருக்கும்போது "ஒன்றே வாங்கு, எல்லாவற்றிலும் மாட்டு" என்பது நல்ல அறிவுரைதான்.

2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான அந்த வரி பூஜ்யம். பதிவும் விரல்ரேகையும் போட்டோவும், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்-இன் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன, பணம் மட்டும்தான் போனது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வருடமெல்லாம் ஆவதில்லை, 2024-லேயே சில நாட்களில் ஒப்புதல் வரத் தொடங்கிவிட்டது. ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய கேன் என்ற கணக்கின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது. இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதத்தில் எந்தத் துப்பாக்கியை நீங்கள் உண்மையில் அதிகம் வெளியே எடுக்கிறீர்கள்?

.22-ஐ விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவது

முதல் கேன் என்றதும் பலருக்கும் பெரிய ரைபிள்தான் கண்ணில் நிற்கும். .22-ஐக் குழந்தைகளுக்கு என்று தள்ளிவிடுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியதே அதுதான். மலிவான தோட்டா, சின்ன உதை, லேசான கேன். சில கேன்கள் நூறு கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். .22 ரைபிள் சும்மாவே 140 டெசிபலை ஒட்டிச் சத்தம் போடும். நல்ல கேனும் ஒலி வேகத்தைத் தாண்டாத தோட்டாவும் சேர்ந்தால் அது 115 பக்கம் இறங்கிவிடும். துப்பாக்கியின் உள்ளே ஊசி அடிக்கும் டிக் ஓசைதான் பெரிதாகக் கேட்கும்.

அந்த "ஒலி வேகத்தைத் தாண்டாத" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண வெப்பநிலையில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது 1,125 அடி ஓடும். குண்டு அதை மிஞ்சினால் காற்றில் சாட்டை அடித்த மாதிரி ஒரு வெடிப்பு எழும். அது குழலுக்கு வெளியே, குண்டு போகிற வழியெல்லாம் எழும் சத்தம், எந்தக் கேனும் அதைத் தொட முடியாது. 'ஹை வெலாசிட்டி' என்று அட்டையில் போட்ட .22 தோட்டாவை நீண்ட ரைபிளில் போட்டுவிட்டு "கேன் சரியில்லை" என்று புலம்புபவர்களை ஒவ்வொரு சுடுதளத்திலும் பார்க்கலாம். கேன் சரியாகத்தான் இருக்கிறது, பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

.22-ல் இன்னொரு பொறி அழுக்கு. இதன் குண்டில் பெரும்பாலும் செம்பு உறை கிடையாது, வெறும் ஈயமும் மெழுகும். ஐந்நூறு ரவுண்டு சுட்டால் உள்ளே கரி, ஈயம், மெழுகு எல்லாம் கலந்து பற்றுப் பாத்திரத்தின் அடி மாதிரி ஆகிவிடும். அதனால் பிரித்துக் கழுவக்கூடிய கேனாக வாங்குவது இந்த காலிபரில் கட்டாயம். கழுவும்போது வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறப்போடும் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஈயம் கரைந்து ஈய அசிடேட் ஆகிவிடும், அது கொடிய நஞ்சு.

.30 இருக்க 5.56 எதற்கு?

ஏஆர்-15 ரக ரைபிள் வைத்திருப்பவர் உடனே அதில் போடும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்றே ஒரு கேன் தேடுவார். இயல்புதான். ஆனால் .30 காலிபர் ரைபிள் கேன் ஒன்று கையில் இருந்தால் .308, .300 பிளாக்அவுட், 6.5 கிரீட்மோர், .270, .243, அப்புறம் அந்த 5.56 என்று பல தோட்டாக்களும் அதில் அடங்கும். 5.56-ல் மாட்டினால் சில டெசிபல் கூடுதலாகக் கேட்கும், உண்மை. பதிலுக்கு ஒரு நன்மை கிடைக்கும். ஓட்டை பெரிது என்பதால் வாயு முன்பக்கமாகச் சற்று எளிதில் வெளியேறும், உங்கள் முகத்துக்குத் திரும்பி வருவது குறையும். ஏஆர்-15-ல் கேன் மாட்டிச் சுட்டவர்களுக்குத் தெரியும், பத்தாவது ரவுண்டில் கண் எரியத் தொடங்கும். ஒரு டெசிபலுக்காகச் சண்டை போடுபவர்கள் இந்தக் கண்ணெரிச்சலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மான் வேட்டைக்கோ டெக்சஸில் காட்டுப்பன்றிக்கோ போகிறவர்களுக்கு .30-தான் என் பதில். வீட்டில் இருப்பதெல்லாம் ஏஆர்-15 மட்டுமே, வேறு வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் 5.56 கேன் நியாயம். குட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கும்.

.30 என்று எழுதியிருந்தால் எல்லா .30-உம் போடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. .308 தாங்கும் கேன் .300 வின்செஸ்டர் மேக்னத்தைத் தாங்க வேண்டும் என்று விதியில்லை. குழல் நீளமும் அப்படித்தான். குட்டைக் குழலில் வெடிமருந்து முழுக்க எரியாமல் அழுத்தத்தோடு வெளியே வரும், கேனுக்குள் இருக்கும் முதல் தடுப்புத் தட்டு அதை நேரே வாங்கும். எந்தத் தோட்டாவுக்குக் குறைந்தபட்சம் எத்தனை அங்குலக் குழல் என்று தயாரிப்பாளர் ஒரு அட்டவணை கொடுத்திருப்பார். காலிபரைவிட அந்த அட்டவணைதான் முக்கியம். எடை பற்றி ஒரே வரி: தோளில் சுமந்து காட்டில் நடப்பவருக்கு டைட்டேனியம், ஒரே இடத்தில் உட்கார்ந்து வேகவேகமாகச் சுடுபவருக்கு இன்கோனல் என்ற நிக்கல் கலவை அல்லது எஃகு.

.30 எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஓஹையோவில் ரைபிளோடு மான் வேட்டைக்குப் போனால் கழுத்தில் ஒடுங்காத நேர்ச்சுவர்த் தோட்டாதான் போட வேண்டும், .308 உதவாது. அதனால் அங்கே .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர் எல்லாம் ஓடுகின்றன. அந்தக் குண்டுகள் .30 கேனின் ஓட்டையைவிடத் தடிமன். அங்கே இருப்பவருக்கு .36 அல்லது .46 கேன் ஆடம்பரமே இல்லை.

பிஸ்டலில் மறந்துபோகும் உதிரி

ஒருவர் 9 மில்லிமீட்டர் கேனைப் பிஸ்டலில் மாட்டினார், ஒரு குண்டு சுட்டார், அடுத்த தோட்டா ஏறவில்லை. காரணம் காலிபர் அல்ல. பெரும்பாலான பிஸ்டல்களில் குழல் சற்றுச் சாய்ந்து பூட்டைத் திறக்கும். நுனியில் கால் கிலோ தொங்கினால் அது சாயாது. அதற்காகத்தான் ஸ்பிரிங் வைத்த பூஸ்டர், நீல்சன் டிவைஸ் என்பார்கள். அதே கேனைக் குழல் அசையாத கார்பைனில் (குட்டை ரைபிள்) மாட்டும்போது ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அசையாத ஸ்பேசர் போட வேண்டும். போடாமல் சுட்டால் பூஸ்டரே அடிவாங்கும்.

9-ஆ .45-ஆ என்ற விவாதத்தில் என் அனுபவம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. .45 துப்பாக்கி கையில் இருந்தால், அதன் வழக்கமான 230 கிரெய்ன் எடையுள்ள குண்டு இயல்பாகவே ஒலி வேகத்துக்குக் கீழேதான் போகும், கேனுக்கு அருமையான துணை. துப்பாக்கி இல்லாமல் கேன் மட்டும் .45 என்பது வீண். 9-ல் 147 கிரெய்ன் குண்டு வாங்கினால் அதே பலன் கிடைத்துவிடும்.

மரை பொருந்தினால் காலிபரும் பொருந்துமா?

நான் மிகவும் பயப்படும் தவறு இது. அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 சுற்று என்ற மரை அமெரிக்காவில் .22-க்கும் வரும், 5.56-க்கும் வரும், 9 மில்லிமீட்டருக்கும் வரும். மூன்று துப்பாக்கி, மூன்று கேன், ஒரே மரை. எதை எதில் வேண்டுமானாலும் அழகாகத் திருகலாம். .22 கேனை 5.56 ரைபிளில் திருகினால் குண்டு ஓட்டையில் போகும், ஆனால் தோட்டாவின் உச்ச அழுத்தம் 24,000 பிஎஸ்ஐ-யிலிருந்து 55,000-க்கு ஏறிவிட்டது. கேன் பிளந்துவிடும். 5.56 கேனை 9 மில்லிமீட்டர் குழலில் திருகினால் குண்டு ஓட்டைக்குள்ளேயே போகாது. என்ன நடக்கும் என்று விளக்க வேண்டாம்.

விரைவாகக் கழற்றி மாட்டும் மவுண்ட் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். 5.56-க்கும் .30-க்கும் ஒரே மவுண்ட் பயன்படுத்தும் கேன்கள் உண்டு, .300 பிளாக்அவுட் குழலில் 5.56 கேன் 'கிளிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கிளிக் ஓசையில் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் பிரச்சினை. நான் ஒவ்வொரு கேனிலும் வண்ண டேப் சுற்றி, துப்பாக்கியிலும் அதே வண்ணம் ஒட்டியிருக்கிறேன். பார்க்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், இருக்கட்டும். புதிதாக ஒன்றை மாட்டும்போது, துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, கேன் கோணாமல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்கும் கம்பியைக் குழலில் விட்டு ஓட்டையின் நடுவில் வருகிறதா என்று பார்ப்பதும் வழக்கம்.

வாங்கும்போது பின்பக்க மரையையும் கேளுங்கள். 1.375 அங்குலம், 24 மரை என்ற அளவு இப்போது பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் பொதுவாகிவிட்டது, ஹப் மவுண்ட் என்பார்கள். அது இருந்தால் நாளைக்குத் துப்பாக்கி மாறினாலும் மவுண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த காலிபர் வாங்கினாலும் காதடைப்பானைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 5.56 ரைபிள் 165 டெசிபலை ஒட்டியது. கேன்கள் பொதுவாக 20-லிருந்து 35 வரை குறைக்கும். கழித்துப் பார்த்தால் மிச்சம் 130-க்கு மேல்தான், சினிமாவில் வரும் 'புஸ்' அல்ல. முதல் ரவுண்டு எப்போதும் சற்று உரக்கக் கேட்கும் என்பதையும் எதிர்பார்த்து வையுங்கள், கேனுக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜன் அதில் எரிகிறது.

இன்றைக்குத் தொடங்குவதாக இருந்தால் என் வரிசை இது: முதலில் பிரித்துக் கழுவக்கூடிய .22, அடுத்து ஹப் மரையோடு .30, பிஸ்டல் நிறையச் சுடுவேன் என்றால் மட்டும் 9. நான்காவதை வேட்டையாடும் மாநிலம் தீர்மானிக்கட்டும். என் .45 இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது. விற்கலாம் என்றால் வாங்குபவரும் விரல்ரேகை வைத்து, போட்டோ ஒட்டி, அதே படிவத்துக்கு ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். புதியதே வரியில்லாமல் கிடைக்கும்போது என் பழைய .45-க்காக யார் விரலில் மை தடவிக்கொள்வார்கள்?