பழைய ரேஸ் கேமுக்கு டெக்ஸ்சர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக்குக்குப் புது டெக்ஸ்சர் (சுவர், சாலை மேல் ஒட்டும் படம்) செய்ய உட்காருகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அழகு பார்ப்பார்கள். காரில் ஏறி ஓட்டிப் பார்ப்பது கடைசியில்தான். கீழே சொல்லும் தவறுகள் முக்கால்வாசி அதனால் வருபவைதான். 1999இல் வந்த ரீ-வோல்ட் என்ற கார் ரேஸ் கேமை வைத்தே சொல்கிறேன். அதில் டெக்ஸ்சர்கள் எல்லாம் சாதாரண பிஎம்பி படங்கள், தொடங்குவது சுலபம். தொடுவதற்கு முன் அந்த டிராக்கின் ஃபோல்டரை முழுசாக நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

அளவு 256க்கு 256 பிக்சல். அந்தக் காலத்து வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரு டெக்ஸ்சருக்கு அதற்கு மேல் ஏற்காது. 1024இல் வரைந்து அப்புறம் சுருக்கலாம் என்று நினைத்தால், செங்கல் இடுக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். முதலிலிருந்தே 256இல் வரையுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கறுப்பு. ரீ-வோல்ட்டில் சுத்தக் கறுப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே 0, என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று பொருள். அந்தப் பக்கம் இருப்பது தெரியும். வீட்டின் இருட்டு ஜன்னலைச் சுத்தக் கறுப்பில் நிரப்பினால் சுவரில் ஓட்டை விழுந்து வானம் தெரியும். மூன்றையும் 8 என்று வைத்தால் போதும், கண்ணுக்குக் கறுப்புதான். வேலிக்கும் மர இலைக்கும் இதே சிக்கல் தலைகீழாக வரும். மென்மையான ஓரம் உள்ள பிரஷ்ஷால் வரைந்தால் விளிம்பு பிக்சல்கள் கறுப்போடு பாதி கலந்துவிடும். அவை 0 அல்ல என்பதால் மறையாது, இலையைச் சுற்றி அழுக்குக் கோடு மாதிரி நிற்கும். நடுவில் ஒருமுறை, நிறங்களைக் கொஞ்சம் மாற்றிச் சுருக்கும் ஜேபெக் ஆகச் சேமித்தாலும் கறுப்பு 2, 1, 3 என்று சிதறி அதே கதிதான். விளிம்புக்குப் பென்சில் கருவி மட்டும், சேமிப்பது பிஎம்பியில் மட்டும்.

அடுத்து தார்ச்சாலை. நிஜச் சாலையின் போட்டோவில் அழகான எண்ணெய்க் கறை ஒன்று இருக்கும், அதை விட மனசு வராது. ஒரே படம் சாலை நெடுக ஒட்டப்படுவதால் அந்தக் கறை சில மீட்டருக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். வேகமாக ஓட்டும்போது கண் வேறெதையும் பார்க்காது. கறையை அழித்துவிடுங்கள். ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் படம் செய்து அங்கே மட்டும் ஒட்டலாம். ஓரங்கள் ஒட்டுகிறதா என்று பார்க்க ஜிம்ப் என்ற பட எடிட்டரில் படத்தைப் பாதியளவு நகர்த்துங்கள், தையல் நடுவில் வந்து நிற்கும்.

போட்டோவில் இருக்கும் வெயிலும் நிழலும் வேண்டாம். டிராக்குக்கு ஏற்கெனவே வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். நிழல்மேல் நிழல் விழுந்தால் மூலைகள் கரியாகிவிடும்.

ஒரே பிஎம்பிக்குள் கதவு, விளம்பரப் பலகை, புல் என்று பல படங்களை நெருக்கி அடுக்குவதும் வழக்கம். கேம் படத்தை மழமழப்பாக்கும்போது பக்கத்துப் பிக்சலின் நிறத்தையும் சேர்த்து எடுக்கும். கதவு ஓரத்தில் பச்சைக் கோடு வருவது அதனால்தான். ஒவ்வொரு படத்தின் விளிம்பு நிறத்தையே வெளிப்பக்கம் 4 பிக்சல் நீட்டிவிட்டால் சரியாகிவிடும்.

சாலையின் வெள்ளைக்கோட்டையும் மெல்லியதாக வரையாதீர்கள். தூரத்தில் கேம் காட்டுவது பாதியாகவும் கால்வாசியாகவும் சுருங்கிய படத்தை. 256இல் 2 பிக்சல் அகலக் கோடு 128இல் ஒன்றாகி, 64இல் தார்நிறத்தோடு கலந்து சாம்பலாகிவிடும். வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று ஓட்டுகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார். 6 பிக்சலாவது கொடுங்கள்.