நீர்வர்ணத்தில் கொழுந்து மலை: அழகோடு பாவமும் (உணர்ச்சியும்) வர

தேயிலை மலையை வரைய உட்கார்ந்தால் கை முதலில் பச்சை வர்ணத்தைத்தான் தேடும். அதை மூடி வையுங்கள். படம் எதை உணர்த்த வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வோம். இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துக் குளிரையா, கொழுந்து நிறைந்த கூடையோடு அதை நிறுக்கும் இடத்துக்கு ஏறுகிறவரின் அலுப்பையா? ஓவியத்துக்கு ஆறு அங்கங்கள் சொன்ன யசோதரர் என்ற பழைய உரையாசிரியர், பாவத்தையும் லாவண்யத்தையும் (அழகையும்) தனித்தனியாகவே வைத்தார். அழகு வந்துவிட்டால் உணர்ச்சியும் தானாக வந்துவிடாது. நாம் அலுப்பை எடுத்துக்கொள்வோம்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிப்புள்ள தாள், தட்டைத் தூரிகை ஒன்று, கூர்முனைத் தூரிகை ஒன்று. வர்ணங்களில் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, லெமன் மஞ்சள், ஒரு சிவப்பு. போதும்.

1. பென்சிலால் மூன்று மலைக்கோடுகளை மெல்லியதாக இழுங்கள். ஆள் நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக, தாளின் மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். அவர் ஏறப்போகும் பக்கம் வெற்றிடம் இருந்தால்தான் இன்னும் ஏற வேண்டிய தூரம் தெரியும்.

2. தாளை நனைத்து, நீலத்தில் கொஞ்சம் சியன்னா கலந்த சாம்பலால் தூர மலையைப் போடுங்கள். மிக வெளிறியே இருக்கட்டும். அடிப்பக்கத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் கரைத்துவிட்டால் அதுதான் மூடுபனி. நம் ஊர் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் காயாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த மலை, ஒரு படி அடர்த்தியாக.

3. அருகிலுள்ள செடிகளுக்கு மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை. இலை இலையாகப் போடாதீர்கள். மட்டக்கம்பு (மட்டம் பார்க்கும் குச்சி) வைத்துப் பறித்த செடியின் தலை சமமாக இருக்கும்: மேலே வெளிச்சம், நிரைகளுக்கு நடுவே இருட்டு. அவ்வளவுதான்.

4. இனி ஆள். இங்கே அவசரப்படாதீர்கள், வேறொரு தாளில் நாலைந்து தடவை கீறிப் பார்த்துவிட்டு வாருங்கள். கூடைக் கயிறு தலையில் தொங்குவதால் கழுத்து முன்னே தள்ளி நிற்கும். முதுகில் பாரம் கூடக்கூட இடுப்புக்கு மேல் உடம்பு முன்சாயும். ஒரு முழங்கால் மடிந்து மேட்டில், மற்றக் கால் பின்னால் ஊன்றி. இடுப்பில் கட்டிய படங்கு என்ற தடித்த விரிப்பு, சேலை போலக் குழையாமல் விறைப்பாக மடியும். முகம் வேண்டாம். சுற்றுலா அட்டைகளில் சிரிக்கிற முகங்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அலுப்பைக் கழுத்தும் முதுகும் சொல்லட்டும்.

5. கடைசியாகச் சிவப்பு, சட்டையில் மட்டும். பச்சைக்கு எதிர் நிறம் என்பதால் ஒரு துளியே கண்ணை இழுத்துவிடும். தூரத்தில் லயம் (தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்று வைக்க ஆசையா? தகரக் கூரைக்குத் துருச்சாயல் சியன்னா போடுங்கள். அங்கேயும் சிவப்பைத் தொட்டால் பார்ப்பவரின் கண் ஆளை விட்டுவிட்டுக் கூரைக்குப் போய்விடும்.